கல்கத்தா கப்பலில் செதுக்கிய மரத்துண்டு: சாமுவேல் கோல்ட்டின் கதை



தீபாவளி நெருங்கினால் நம் வளாகத்துப் பிள்ளைகள் கையில் பொட்டு வெடித் துப்பாக்கி வந்துவிடும். விசையை இழுத்தால் சுத்தி விழும், பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, கந்தக வாசனை. நீங்களும் சின்ன வயதில் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜெய்சங்கர் கௌபாய் படத்தில் நடப்பதுபோல் தெருவில் நடந்திருப்பீர்கள். அந்தப் பொம்மையின் உருளை ஏன் சுழல்கிறது, அதை முதலில் யார் யோசித்தார் என்று அப்போது நாம் யாரும் கேட்டதில்லை.

இந்தக் காலாண்டு இதழில் அந்த மனிதரைப் பற்றிப் பார்க்கலாம். பெயர் சாமுவேல் கோல்ட். இந்த 'கோல்ட்' தங்கம் அல்ல. ஆங்கிலத்தில் ஆண் குதிரைக்குட்டிக்கு இந்தப் பெயர். அதனால்தான் அவருடைய நிறுவனத்தின் முத்திரையில் முன்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை இருக்கிறது. உலகம் முழுவதும் பழைய ரிவால்வர் சேகரிப்பவர்கள் முதலில் தேடும் பெயரும் இதுதான். அவருடைய முதல் யோசனைக்கு நம் நாட்டோடும் ஒரு சின்ன உறவு உண்டு. அது கீழே வரும்.

தாயில்லாப் பிள்ளை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் 1814 ஜூலை 19 அன்று கோல்ட் பிறந்தார். அப்பா கிறிஸ்டோபர் வணிகர், பிறகு ஜவுளி ஆலை நடத்தினார். அம்மா சாராவைக் காசநோய் கொண்டுபோனபோது பையனுக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. அப்பா மறுமணம் செய்துகொண்டார். பதினொரு வயதில் பையனைப் பக்கத்து ஊரில் ஒரு விவசாயி வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் கையில் அறிவியல் கலைக்களஞ்சியம் ஒன்று கிடைத்தது. மின்கலம், வெடிமருந்து, நீராவி என்று அதில் இருந்த எல்லாமே அவரை இழுத்தன. பாடப் புத்தகத்தைவிட அதைத்தான் அதிகம் படித்தார்.

அடுத்து நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். 1829 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். பதினைந்து வயது நிரம்பாத இந்தப் பையன், ஊர்க் குளத்தில் ஒரு தெப்பத்தை வானளாவத் தூக்கி வெடிக்க வைக்கப்போவதாக ஊருக்கெல்லாம் அறிவித்தான். கூட்டம் கூடியது. தண்ணீருக்கடியில் வைத்த வெடி வெடித்தது உண்மைதான். ஆனால் தெப்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சேறும் தண்ணீரும் எழும்பி, புதுத்துணி உடுத்தி வந்த கூட்டத்தின் மேல் கொட்டின. கோபத்தில் அடிக்க வந்தவர்களிடமிருந்து இளம் இயந்திரக் கலைஞர் ஒருவர் பையனைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அவர் பெயர் எலிஷா ரூட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

கல்கத்தா பயணம்

படிப்பும் சரிவரவில்லை. ஒரு ஜூலை நான்காம் தேதி வேடிக்கைக்குப் பிறகு பள்ளியையும் விட வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது: பையனைக் கப்பலுக்கு அனுப்புவது. 1830இல், பதினாறு வயதில், பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கல்கத்தா போகும் கப்பலில் கடைநிலை மாலுமியாக அவர் ஏறினார்.

மாதக்கணக்கில் நீண்ட பயணம். கப்பலில் பார்க்க வேறென்ன இருக்கும்? சுக்கான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் ஆரங்களில் ஏதோ ஒன்று பூட்டுக்கு நேராக வந்து நிற்கிறது. பூட்டை மாட்டினால் அசையாது. பலமுறை சுடும் துப்பாக்கிக்கும் இதே மாதிரி செய்தால் என்ன என்று தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொல்லி வந்தார். நங்கூரம் இழுக்கும் உருளையைப் பார்த்துத்தான் தோன்றியது என்போரும் உண்டு. எலிஷா காலியர் என்ற அமெரிக்கர் 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற சக்கிமுக்கிக் கல் ரிவால்வரை எங்கோ பார்த்துவிட்டுத்தான் யோசித்தார் என்று வாதிடுவோரும் உண்டு. எது எப்படியோ, அந்தப் பயணத்தில் கத்தியால் மரத்தைச் செதுக்கி ஒரு மாதிரி செய்தார். அந்த மரத்துண்டுகள் இன்றும் ஹார்ட்ஃபோர்டில் வாட்ஸ்வொர்த் அதீனியம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அதில் புதிதாக என்ன இருந்தது? சுழலும் உருளை புதிதல்ல. கோல்ட்டுக்கு முன்பும் பல அறை வைத்த துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் பெரும்பாலும் உருளையைக் கையால் திருப்ப வேண்டும், அல்லது அறை குழலுக்கு நேராக நிற்குமா என்பதே சந்தேகம். கோல்ட்டின் ஏற்பாட்டில், சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கும்போதே ஒரு சிறு நகம் உருளையின் பின்னால் இருக்கும் பல்லைத் தள்ளி அடுத்த அறைக்குத் திருப்பும். உடனே ஒரு பூட்டு கீழிருந்து எழும்பி உருளையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே அசைவில் மூன்று வேலை. அவ்வளவுதான்.

சிரிப்பு வாயு டாக்டர்

ஊர் திரும்பியதும் அப்பா பணம் கொடுத்து ஒரு கைத்துப்பாக்கியும் ஒரு நீளத் துப்பாக்கியும் செய்யச் சொன்னார். நீளத் துப்பாக்கி சுட்டது, கைத்துப்பாக்கி முதல் வெடியிலேயே சிதறியது. அப்பா கையை விரித்துவிட்டார். நல்ல கைவினைஞரை வைத்துச் செய்ய வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.

பணத்துக்குக் கோல்ட் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. அப்பாவின் ஆலையில் வேதியியல் தெரிந்த ஒருவரிடமிருந்து நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு, பற்றிக் கற்றிருந்தார். அதைத் தயாரிக்கும் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பத்தொன்பது, இருபது வயதுப் பையன், நியூயார்க், லண்டன், கல்கத்தா புகழ் டாக்டர் என்று தன்னை விளம்பரம் செய்துகொண்டார். கப்பலில் கூலி வேலை பார்க்கப் போன கல்கத்தா, இப்போது பட்டம் தந்த ஊராகிவிட்டது! கட்டணம் கட்டி வாயுவை முகர்ந்தவர்கள் மேடையில் ஆடினார்கள், பாடினார்கள், விழுந்து சிரித்தார்கள். அந்தக் காசு பால்டிமோரில் ஜான் பியர்சன் என்ற துப்பாக்கிக் கைவினைஞரின் கூலிக்குப் போனது. கூலி சரியாக வரவில்லை என்று பியர்சன் அடிக்கடி சண்டை பிடித்தார். நல்ல மாதிரிகளைச் செய்துகொடுத்தவர் அவர்தான், ஆனால் இன்று அவர் பெயர் சேகரிப்பாளர்களுக்கு மட்டுமே தெரியும்.

1835இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும், 1836 பிப்ரவரி 25 அன்று அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றபோது கோல்ட்டுக்கு வயது இருபத்தொன்று.

முதல் தோல்வியும் அண்ணனின் வழக்கும்

நியூஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் 1836இல் தொழிற்சாலை தொடங்கியது. ஐந்து அறைகள், சுத்தியை இழுத்தால் மட்டும் வெளியே வரும் மடிப்பு விசை, அழகான வேலைப்பாடு. விலையும் அதிகம், உடைவதும் அதிகம். மறுவருடமே நாடு முழுவதும் பொருளாதார நெருக்கடி. ராணுவ அதிகாரிகள் இந்தப் புதுக் கருவியை நம்பவில்லை. அப்போது தனி நாடாக இருந்த டெக்சாஸின் கடற்படை 1839இல் கொஞ்சம் வாங்கியது. கோல்ட்டோ விருந்துக்கும் அதிகாரிகளுக்குத் தரும் பரிசுக்கும் தாராளமாகச் செலவு செய்தார். பங்குதாரர்கள் கணக்குக் கேட்டார்கள். 1842இல் நிறுவனம் மூடப்பட்டது.

அதே சமயத்தில் குடும்பத்தில் ஒரு பேரிடி. அண்ணன் ஜான் கோல்ட் கணக்குப் பதிவியல் பாடநூல் எழுதியவர். அதை அச்சிட்ட சாமுவேல் ஆடம்ஸ் என்பவரோடு 1841 செப்டம்பரில் நியூயார்க்கில் கணக்குத் தகராறு. சில காசு வித்தியாசம்தான். கைகலப்பில் அச்சகக்காரர் இறந்துவிட்டார். உடலைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்ப ஜான் முயன்றதும், அது கண்டுபிடிக்கப்பட்டதும் நாட்டையே உலுக்கின. வழக்கில் தம்பி சாமுவேலே சாட்சிக் கூண்டில் ஏறித் தன் துப்பாக்கியைப் பற்றி விளக்க வேண்டி வந்தது. ஜானுக்குத் தூக்குத் தண்டனை. 1842 நவம்பர் 18, தண்டனை நாள். அன்று காலை சிறைக்குள்ளேயே கரோலின் ஹென்ஷா என்ற பெண்ணை ஜான் மணந்துகொண்டார். தம்பி அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். தூக்குமேடைக்கு அழைத்துப்போக வந்தவர்கள், மார்பில் கத்தியோடு ஜான் இறந்து கிடப்பதைக் கண்டார்கள்.

கரோலினுக்கு ஓர் ஆண் குழந்தை இருந்தது. பெயர் சாமுவேல். அந்தப் பிள்ளையைக் கடைசிவரை படிக்கவைத்துக் காப்பாற்றியவர் கோல்ட். வெளியே அண்ணன் மகன் என்றுதான் சொன்னார். தம்பியே தகப்பன் என்ற ஐயம் அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது. உயிலிலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பங்கு எழுதியிருந்தார்.

இருபத்தெட்டு வயதில் தொழில் போயிற்று, அண்ணன் போனார், கடன் இருந்தது. மனிதர் உட்கார்ந்துவிடவில்லை. பழைய குளத்து வெடியை மறுபடி எடுத்தார். தண்ணீருக்கடியில் மின்கம்பி போட்டு, தூரத்திலிருந்து கண்ணிவெடியை இயக்கும் முறையைக் கடற்படைக்குக் காட்டினார். தந்தி கண்டுபிடித்த சாமுவேல் மோர்ஸும் அவரும் நியூயார்க்கில் ஒரே கட்டடத்தில் இடம் பிடித்திருந்தார்கள். நீர் புகாத கம்பி இருவருக்குமே தேவைப்பட்டது. 1844இல் வாஷிங்டன் அருகே ஓடிக்கொண்டிருந்த கப்பலையே வெடித்துக் காட்டினார். ஆனால் ரகசியத்தை முழுதாகச் சொல்ல மறுத்ததால் அரசு அந்த முறையை ஏற்கவில்லை.

வாக்கர் ஆயிரம்

திருப்பம் டெக்சாஸிலிருந்து வந்தது. பேட்டர்சன் ரிவால்வர்கள் அங்கே ரேஞ்சர் எனப்படும் குதிரை வீரர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. 1844இல் ஒரு சண்டையில் பதினைந்து பேர் அளவிலான ரேஞ்சர் குழு, தங்களைவிடப் பல மடங்கு அதிகமான கோமாஞ்சி வீரர்களைத் தோற்கடித்தது. அதுவரை ஒற்றை வெடித் துப்பாக்கியை நிரப்புவதற்குள் கோமாஞ்சிகள் பல அம்புகளை எய்துவிடுவார்கள். இப்போது கணக்கு மாறிவிட்டது. தங்கள் நிலத்துக்காகப் போராடிய பழங்குடியினருக்கு அந்த நாள் எதைக் குறித்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. இந்தக் கருவியின் புகழ் அங்கேதான் தொடங்கியது.

அந்தச் சண்டையில் இருந்த சாமுவேல் வாக்கர், மெக்சிகோ போருக்காக 1,000 ரிவால்வர்கள் செய்து தரக் கேட்டார். கோல்ட்டிடம் தொழிற்சாலையும் இல்லை, மாதிரிக்கு ஒரு துப்பாக்கிகூடக் கையில் இல்லை என்பார்கள். வாக்கர் சொன்ன யோசனைகளைச் சேர்த்துப் புதிதாக வரைந்து, இன்னொருவருடைய தொழிற்சாலையில், எலி விட்னி ஜூனியரிடம், 1847இல் செய்து கொடுத்தார். ஆறு அறை, ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. இடுப்பில் மாட்ட முடியாது, குதிரைச் சேணத்தில்தான் தொங்க வேண்டும். அந்த வருட அக்டோபரில் வாக்கர் மெக்சிகோவில் போரில் இறந்தார்.

ராணுவத்துக்கு 1,000, பரிசுக்கும் விற்பனைக்குமாக இன்னும் 100. இந்த 1,100இல் இன்று தப்பியிருப்பவை இருநூறுக்கும் குறைவு என்பது சேகரிப்பாளர்களின் கணக்கு. மருந்து அதிகமாகப் போட்டதால் உருளை வெடித்தே பல போயின. நல்ல நிலையில் பெட்டியோடு இருந்த ஒரு வாக்கர் ரிவால்வர் 2018இல் அமெரிக்க ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது.

ஹார்ட்ஃபோர்டில் ஒரு ஊர்

கிடைத்த லாபத்தோடு கோல்ட் சொந்த ஊருக்குத் திரும்பினார். குளக்கரையில் அடி வாங்காமல் காப்பாற்றிய எலிஷா ரூட்டை, 1849இல் பெரிய சம்பளம் கொடுத்துத் தலைமைப் பொறுப்பாளராக அழைத்துக்கொண்டார். கோல்ட் விற்பவர், ரூட் செய்பவர். இயந்திரங்களை வடிவமைத்து, ஒவ்வொரு பாகத்தையும் ஒரே அளவில் வெட்டும் ஏற்பாட்டை நிறுவியவர் ரூட். இன்றைய கார் தொழிற்சாலைகளின் மூதாதையரில் இது ஒன்று.

கனெக்டிகட் ஆற்றங்கரையில் வெள்ளம் புகும் தாழ்நிலத்தைக் கோல்ட் மலிவாக வாங்கினார். ஊர் சிரித்தது. சுமார் மூன்று கிலோமீட்டருக்குக் கரை எழுப்பி, மண் அரிக்காமல் இருக்க வில்லோ மரங்களை நட்டார். வேர் கரையைப் பிடித்தது. வில்லோ குச்சிகள் வீணாகாமல் இருக்க, ஜெர்மனியிலிருந்து கூடை முடைபவர்களைக் குடும்பத்தோடு வரவழைத்து நாற்காலி செய்யும் தொழிலும் தொடங்கினார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வடிகால் பற்றிக் கூட்டம் போடும் நமக்கு இந்தப் பகுதி பிடிக்கும் என்று நினைக்கிறேன்! 1855இல் தொழிற்சாலை எழுந்தது. உச்சியில் வெங்காய வடிவ நீலக் குவிமாடம், அதில் பொன் நட்சத்திரங்கள், மேலே குதிரைக்குட்டி. தொழிலாளருக்கு வீடு, படிக்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரு மண்டபம், நாளுக்குப் பத்து மணி நேர வேலை. அந்தக் காலத்தில் அது குறைவு.

1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் கடை விரித்தார். அதே வருடம் அங்குள்ள சிவில் பொறியாளர் சங்கத்தில் கட்டுரை படித்தார். அதற்காக லண்டன் கோபுரத்தில் இருந்த பழைய பலவெடித் துப்பாக்கிகளையெல்லாம் தேடிப் பார்த்திருந்தார். தானே பழைய துப்பாக்கிகளைச் சேகரிக்கவும் செய்தார். ஆக, ரிவால்வர் சேகரிப்பவர்களில் முன்னோடியும் அவர்தான் என்று சொல்லலாம். 1853இல் தேம்ஸ் நதிக்கரையில் தொழிற்சாலை திறந்தார். சார்லஸ் டிக்கன்ஸ் அங்கு போய்ப் பார்த்து தன் இதழில் எழுதினார். சில வருடங்களில் அது மூடப்பட்டது. ஆனாலும் 1857இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலரின் இடுப்பில் கோல்ட் ரிவால்வர்கள் இந்தியாவுக்கு வந்தன. கல்கத்தா பயணத்தில் பிறந்த யோசனை இப்படித்தான் நம்மிடம் திரும்பி வந்தது.

விற்பனையில் அவர் எதற்கும் கூச்சப்படவில்லை. துருக்கி சுல்தானுக்கும் ரஷ்யச் சக்கரவர்த்திக்கும் பொன் பதித்த ஜோடி ரிவால்வர்களில் ஆளுக்கொன்று பரிசளித்தார். அந்த இருவரும் ஒருவரோடொருவர் போர் புரிந்தவர்கள்! சுல்தானுடையது இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ரஷ்யாவுடையது ஹெர்மிடேஜில். காப்புரிமையை நீட்டிக்க அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் துப்பாக்கிப் பரிசு கொடுத்ததாக 1854இல் விசாரணையே நடந்தது. நீட்டிப்பு கிடைக்கவில்லை.

கடைசி வருடங்கள்

1856இல், நாற்பத்தொன்றாவது வயதில், எலிசபெத் ஜார்விஸை மணந்தார். ஆர்ம்ஸ்மியர் என்ற மாளிகை கட்டினார். குழந்தைகள் பிறந்தன, இறந்தன. ஐந்தில் ஒரு மகன் மட்டுமே வளர்ந்தான்.

உள்நாட்டுப் போர் மூண்டது. போர் தொடங்கும் தறுவாய் வரை தென் மாநிலங்களுக்கும் ஆயுதம் விற்றார் என்று வடக்கின் பத்திரிகைகள் துரோகி என்றே எழுதின. பிறகு வடக்கின் ராணுவத்துக்கு அவருடைய தொழிற்சாலை லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்களைக் கொடுத்தது. இரவு பகலாக வேலை. உடல் தாங்கவில்லை. 1862 ஜனவரி 10 அன்று, 47 வயதில், கோல்ட் இறந்தார். சொத்து மதிப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர்.

சில மாதங்களில் எலிசபெத்துக்குக் கடைசிக் குழந்தை இறந்தே பிறந்தது. 1864 பிப்ரவரியில் தொழிற்சாலை எரிந்து, நீலக் குவிமாடம் சரிந்து விழுந்தது. விற்றுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் மீண்டும் கட்டினார், குவிமாடம் உட்பட. 1901 வரை நிறுவனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருந்தார். கணவர், குழந்தைகள் நினைவாக ஒரு தேவாலயம் எழுப்பினார். அதன் ஒரு வாசலில் பூவுக்கும் கொடிக்கும் நடுவே ரிவால்வர் பாகங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கணவர் சேகரித்த துப்பாக்கிகளை ஊர் அருங்காட்சியகத்துக்கும், நிலத்தைப் பூங்காவாக ஊருக்கும், மாளிகையைப் பாதிரியார்களின் விதவைகளுக்கும் எழுதி வைத்துவிட்டு 1905இல் காலமானார்.

இன்று அதை வைத்துச் சுடுபவர்கள்

இனி, இந்தப் பழைய ரிவால்வர்களைச் சேகரிப்பவர்களும் சுடுபவர்களும் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

சேகரிப்பவர் முதலில் பார்ப்பது எண்களை. பாகங்கள் எல்லாம் ஒரே அளவு என்று கோல்ட் விளம்பரம் செய்தாலும், கடைசியில் அரம் போட்டுக் கையால்தான் பொருத்தினார்கள். அதனால் சட்டம், குழல், உருளை, விசைக்காப்பு என ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணைக் குத்தினார்கள். எல்லா எண்ணும் ஒத்துப்போனால் விலை பல மடங்கு. அடுத்து உருளை. 1851 'நேவி' மாடலின் உருளையில், 1843 மே 16 அன்று டெக்சாஸ் கடற்படை நடத்திய சண்டைக் காட்சி செதுக்கப்பட்டிருக்கும். முதல் வாடிக்கையாளருக்கு நன்றி! அந்தக் கப்பல்கள் தேயாமல் தெரிகின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். மூன்றாவது, யாரும் மெருகு போட்டிருக்கக் கூடாது. பாட்டி வைத்த பழைய வெண்கலச் சிலையைப் புளி போட்டுத் தேய்த்தால் வீட்டுக்குப் பளபளப்பு, பழம்பொருள் அறிந்தவருக்கு நெஞ்சு வலி. இதுவும் அப்படித்தான்.

சுடுவது பொறுமையான வேலை. இதில் தோட்டா கிடையாது. ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாக அளந்த கருமருந்தைப் போட்டு, ஈயக் குண்டை வைத்து, குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். மேலே கொழுப்புப் பூச வேண்டும். இல்லாவிட்டால் ஓர் அறையின் தீப்பொறி பக்கத்து அறைக்குத் தாவி, எல்லாம் ஒன்றாக வெடிக்கலாம். பின்பக்க முளையில் சிறு செம்பு மூடி. நம் பொட்டு வெடியின் பெரியப்பா அது. விசையை இழுத்தால் கண்ணை மறைக்கும் வெண்புகை. ஆட்டம் முடிந்ததும் வெந்நீரும் சோப்பும் வைத்துக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் மறுநாளே துரு.

இதற்கு உலகப் போட்டியே நடக்கிறது. அரை மணி நேரத்தில் பதின்மூன்று முறை சுடலாம், சிறந்த பத்து மட்டும் கணக்கு. அசல் பழைய துப்பாக்கிக்கும் நகலுக்கும் தனித்தனிப் பிரிவு. விலைமதிப்பற்ற அசலைச் சுட மனமில்லாதவர்கள், 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் செய்யப்படும் நகல்களை வாங்கிக்கொள்கிறார்கள்.

ரிவால்வர்கள் ஏன் இவ்வளவு காலம் முன்பக்கமாக மருந்து நிரப்புவதையே நம்பியிருந்தன? கோல்ட்டிடம் ஒப்பந்த வேலை பார்த்த ரோலின் ஒயிட், பின்பக்கத்திலிருந்து தோட்டா போடும் உருளைக்கு 1855இல் காப்புரிமை பெற்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்குக் கொடுத்துவிட்டார். 1869 வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. காப்புரிமையால் போட்டியாளர்களைக் கட்டிப்போட்டவரின் தொழிற்சாலை, காப்புரிமையாலேயே கட்டுண்டது. கௌபாய் படங்களில் நீங்கள் பார்க்கும் 1873 மாடல், கோல்ட் இறந்து பதினொரு வருடம் கழித்து வந்தது. அதை அவர் பார்க்கவேயில்லை.

அமெரிக்காவில் 1898 வரை செய்யப்பட்டவை பழம்பொருளாகக் கருதப்பட்டு, மத்திய அரசின் சட்டத்தில் பெரும்பாலும் விலக்குப் பெறுகின்றன. நம் நாட்டில் அப்படி இல்லை. 1959 ஆயுதச் சட்டப்படி, பழையதானாலும் பழுது பார்த்தால்கூடச் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. ஊரில் பூர்வீக வீட்டை இடிக்கும்போது தாத்தாவின் துப்பாக்கி பரணில் கிடைத்தால், தயவுசெய்து படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். விசையை இழுத்தும் பார்க்காதீர்கள். நூறு வருடத்துக்கு முன் நிரப்பியது இன்னும் உள்ளே இருக்கலாம். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

கோல்ட்டை நல்லவர் என்று சொல்லவும் எனக்கு வரவில்லை, கெட்டவர் என்று ஒதுக்கவும் வரவில்லை. தோல்விக்கு அஞ்சாதவர், அண்ணனின் கடைசி நாளில் அருகே நின்றவர், பெயர் சொல்ல முடியாத பிள்ளையைக் கைவிடாதவர். அதே மனிதர், தன் கருவியால் யார் சாகிறார்கள் என்று கேட்காமல் இரு பக்கத்துக்கும் விற்றவர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அவருடைய ரிவால்வரைப் பார்ப்பவர்கள் வேலைப்பாட்டை வியப்பார்கள். அது யாரை நோக்கி நீட்டப்பட்டது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தத் தீபாவளிக்குப் பேரன் பொட்டு வெடித் துப்பாக்கியோடு வந்தால், உருளை எப்படிச் சுழல்கிறது என்று திறந்து காட்டுங்கள். கல்கத்தா கப்பலில் மரம் செதுக்கிய பையனின் கதையையும் சொல்லுங்கள். அவனுடைய மீதிக் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த காலாண்டில் வேறொருவருடன் சந்திப்போம்.